ஜமைக்கா நைனாவும் வயிறுள்ள பெட்டியும்

மார்கழி மாதத்தில் மயிலாப்பூரில் ஆயிரம் பேர் தொடையில் தட்டித் தாளம் போடுவார்கள். அத்தனை பேர் தாளமும் தப்பு என்று சொன்ன ஒரே மனிதர் ஜமைக்கா நைனா. வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பரவாயில்லை. சபா வாசலில் நின்று, தோளில் மைக் வயரும் வாயில் வெற்றிலையுமாகச் சொன்னார்.

"எல்லாரும் மொத தட்டுலயே போயி வுழறீங்க. அத்த ஒரு தபா வுட்டுப் பாருங்கய்யா. ஒலகமே ஆடும்!"

அவரை யாரும் அடிக்கவில்லை. அது மயிலாப்பூர்க்காரர்களின் பெருந்தன்மை.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. சின்னவர், பெரியவர், நாய், பூனை எல்லோரையும் அவர் 'நைனா' என்றே கூப்பிட்டதால் அவரும் நைனா ஆனார். லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில், சைக்கிள் கடையை ஒட்டி அவர் கடை. 'ஜமைக்கா சவுண்ட் சர்வீஸ்' என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் போர்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் மைக் செட் வாடகைக்குக் கொடுப்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஜமைக்கா என்பது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள். நைனாவும் திருத்தமாட்டார். "கொஞ்சம் தள்ளி" என்பார்.

அவர் கடைக்கு எதிர் வீட்டில் நான், அம்மா, தங்கை சரசு மூன்று பேரும் குடியிருந்தோம். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வாங்க வருகிறவர்கள் கலைத்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளை மறுபடி மடித்து அடுக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதற்காகவே அந்த வேலையில் சேர்ந்தேன். நைனாவோ பேச ஆள் கிடைக்காதா என்று சந்து முனையையே பார்த்துக்கொண்டிருப்பவர். எங்களுக்குள் ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

நைனா முன்பு ஒரு சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். ஜமைக்கா தீவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் அவர் கப்பலின் எஞ்சின் படுத்துவிட்டது. புதுப் பாகம் சீமையிலிருந்து வர வேண்டும். வருகிறது, வருகிறது என்று மாதக்கணக்கில் வரவில்லை. மற்றவர்கள் கடலைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். நைனா ஊருக்குள் நடந்தார். நடந்தவர் கண்ணில் முதலில் பட்டது ஒரு மைக் செட் கடை!

"நம்மளுது மாதிரி கூம்பு இல்ல நைனா. வூடு கணக்கா பெட்டி. அத்த தெருவுல அடுக்கி வச்சி பாட்டு போடறான். ஹாலு புடிக்க வக்கில்லாத ஜனம், தெருவையே ஹாலாக்கிட்டுது. பாட்டு காதுல நொழயல, தெரிமா? நேரா வயித்துல நொழஞ்சிது. நான் அன்னிக்கி சோறு துன்னல. வயிறு ரொம்பிப் போச்சி."

எஞ்சின் பாகம் வந்து சேர்ந்தபோது கப்பலில் அழுத ஒரே ஆள் நைனா. சம்பளத்தையெல்லாம் இசைத்தட்டாக மாற்றி ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தார். அந்த இசைக்குப் பெயர் ரெக்கே.

மெட்ராஸில் ரெக்கே என்ற சொல்லைக் கேட்டவர்கள் அப்போது எத்தனை பேர் இருந்தார்களோ, எங்கள் சந்தில் எல்லோருக்கும் அது தெரியும். தெரியாமல் இருக்க நைனா விடமாட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொல்லுவார்.

"கரும்பு வெட்டறதுக்கு ஆப்பிரிக்காலேர்ந்து சங்கிலி போட்டு இட்டுகினு வந்த ஜனம் அது. கையில இருந்தது எல்லாத்தயும் புடுங்கிட்டானுங்க. தாளத்த மட்டும் புடுங்க முடில. அப்பறம் நம்மாளுங்களும் கப்பலேறிப் போயி அதே கரும்பத்தான் வெட்டனாங்க. அப்பால ரேடியோ வந்துச்சி. நாம சிலோன் பாட்டு கேக்கறோமில்ல, அந்த மாதிரி அங்க கடலுக்கு அந்தாண்ட அமெரிக்கா பாட்டு. காத்தடிச்சா பாட்டு பாதி வரும், பாதி காணாம பூடும். காணாம போன எடத்துல இவங்க ஒண்ணு போட்டாங்க பாரு!"

"அதான் ரெக்கேவா?" என்பார் டீக்கடைக்காரர்.

"இரு, அதுக்குள்ள இன்னா அவசரம்? மொதல்ல வந்தது ஸ்கா. குதிர ஓட்டம். அப்ப ஒரு கோடை வந்துச்சி. நம்ம கத்திரி வெயிலுக்கு அப்பன். ஆடறவன்லாம் சுருண்டு சுருண்டு வுழறான். பாட்டுக்காரன் பாத்தான், வேகத்த கொறச்சிட்டான். அது ராக்ஸ்டெடி. அத்த இன்னும் கொஞ்சம் அசைச்சி, இடுப்ப ஒடிச்சி வுட்டா ரெக்கே."

"வெயிலுதான் காரணம்னா மெட்ராஸ்ல ஏன்பா வரல?"

"அவன் வெயில்ல ஆடனான். நீ தூங்கற."

ரெக்கே என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் வம்பு. ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்லுவார். தையற்காரர் கேட்டபோது "கந்தல் துணி" என்றார். குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு மோதிக்கொண்ட இரண்டு பெண்களிடம் "சண்டை" என்றார். ரிக்‌ஷாக்காரரிடம் "நம்மள மாதிரி சாதா ஜனம்". கோயில் குருக்களிடம் பயபக்தியோடு "ராஜாவுக்குப் பாடற பாட்டு சாமி". கிடார் கற்றுக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவனிடம், "அது ஒண்ணுமில்ல, கிடார் கம்பிய சொரண்டற சத்தம்". புளுகுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்த ஊர்க்காரர்களே இத்தனை அர்த்தமும் சொல்லுகிறார்கள், இன்னும் முடிவாகவில்லை என்று பல வருஷம் கழித்து விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

"எனக்கு மட்டும் நீங்க எதுவுமே சொல்லலையே" என்று ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக் கேட்டேன்.

"உன்னுது இன்னும் வரல நைனா. வந்தா சொல்றேன்."

ஏதோ தபால் மாதிரி சொன்னார்.

அந்த இசைத்தட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பாதிக்கு லேபிளே கிடையாது. பிளேடால் சுரண்டி எடுத்திருப்பார். "அங்க அப்டித்தான். இன்னா பாட்டுன்னு பக்கத்துத் தெரு மைக் செட்காரன் தெரிஞ்சிக்கக் கூடாது." மயிலாப்பூரில் எந்த மைக் செட்காரனுக்கு அது தெரிய வேண்டியிருந்தது என்று கேட்டால் கோபம் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், நடுவில் உள்ள ஓட்டை. நம் ஊர் இசைத்தட்டுக்கு நடு ஓட்டை பென்சில் கனம்தான் இருக்கும். ஜமைக்காவிலிருந்து வந்தவற்றில் ஒரு எலுமிச்சம்பழமே போகும். பிளேயரின் கம்பியில் மாட்டினால் தட்டு லொடலொடவென்று ஆடி, பாட்டு ஜன்னி கண்டவன் மாதிரி உளறும். நைனா யோசித்தார். நடுவில் சின்ன ஓட்டையும் சுற்றிலும் வட்டமுமாக ஒரு பொருள் வேண்டும். டீக்கடை கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். அன்று முதல், முந்தின நாள் மெதுவடையை ஓரம் செதுக்கி அந்த ஓட்டையில் பொருத்தித்தான் ரெக்கே ஓடியது. வடை கல்லாக இறுகியிருக்க வேண்டும். புது வடை ஆகாது, ராகம் எண்ணெயில் வழுக்கும். கடைசியில் எறும்புகள் சுற்றுகிற தட்டின் மேல் ஏறித் தாங்களும் சுற்ற ஆரம்பித்ததும் மரத்தில் ஒன்று கடைந்துகொண்டார். டீக்கடைக்காரருக்கு அதில் வருத்தம். பழைய வடைக்கு அந்தச் சந்தில் இருந்த ஒரே வாடிக்கையாளர் போய்விட்டாரே!

சபா வாசலில் நைனாவிடம் சண்டைக்குப் போகாத ஒருவர் உண்டு. எங்கள் சந்து முனையில் இருந்த கச்சேரி மாமா. ரிட்டையர் ஆன பிறகு கச்சேரி கேட்பதையே உத்தியோகமாக வைத்துக்கொண்டவர். ஒரு நாள் அவரே கடைக்கு வந்து ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"போடுடா உன் பாட்டை. எதைடா விடறா, நானும் பார்க்கறேன்."

நைனா போட்டார். மாமா கண்ணை மூடித் தொடையில் தட்டினார். தட்டுகிற இடத்தில் பாட்டு இல்லை. பாட்டு இருக்கிற இடத்தில் மாமா கை மேலே இருந்தது. மறுபடி போடச் சொன்னார். மறுபடி. பிறகு கண்ணைத் திறந்தார்.

"இதுல என்னடா அதிசயம்? நம்மளவாளும்தான் முதல் தட்டுல, சமத்துல எடுக்காம, கொஞ்சம் தள்ளி எடுப்பா. ஒரு சாஸ்திரத்தோட பண்ணுவா."

"அப்ப நீங்களும் ஜமைக்காதான் மாமா!"

"நான் கும்மோணம்டா."

"கொஞ்சம் தள்ளி" என்றார் நைனா.

மாமா சிரித்துவிட்டுக் கேட்டார். "சரி, எதுக்குடா முதல் தட்டைக் காலியா விடறா? காரணம் இருக்கணுமோல்லியோ?"

நைனா இசைத்தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவர் அப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஊரு வுட்டு ஊரு வந்த ஜனம் மாமா. எல்லா வூட்லயும் வழியில ஒரு ஆளு கொறஞ்சிருக்கும். அவங்களுக்கு எடம் வுட்டு வச்சிகீறாங்கன்னு நானா நெனச்சிகினேன். யாரும் எனக்கு சொல்லல."

மாமா தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "இன்னொரு தரம் போடு" என்றார்.

தொழிலில் மட்டும் ரெக்கே அவருக்குக் கெடுதலே செய்தது. ஒரு கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது நைசாக ஒரு தட்டைப் போட்டுவிட்டார். சாப்பிடுகிறவர்களுக்கு என்ன ஆயிற்றோ, எல்லோரும் மெதுவாக மென்றார்கள். தலையை ஆட்டி ஆட்டி மென்றார்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இலையை விட்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நின்று முறைத்தார்கள். சமையற்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். "யோவ், பாட்டை நிறுத்துய்யா! பாயசம் மூணாம் தடவ கேக்கறாங்க!" அதன் பிறகு, பந்தி முடிகிற வரை ஜமைக்கா கூடாது என்று பேசிய பிறகுதான் அவருக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

ஆனால் நைனாவின் மனக்குறை வேறு. கூம்பு ஸ்பீக்கரில் ரெக்கே பேசாது. "கூம்புல கழுத்துக்கு மேலதான் பாட்டு வருது. வயிறு இல்ல. வயிறு இல்லாம ரெக்கே இன்னாத்துக்கு?" அதனால் கிங்ஸ்டனில் பார்த்த மாதிரி ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தார். பழைய மரக்கடையில் தேக்குப் பலகையாகப் பொறுக்கினார். மூடிப்போன சினிமாக் கொட்டகை ஒன்றிலிருந்து தாம்பாளம் அளவு ஸ்பீக்கர் வாங்கினார். வருகிற வருமானமெல்லாம் பலகையும் பிசினுமாகப் போயிற்று. வருஷக்கணக்கில் இழைத்தார். ஆள் உயரத்துக்குப் பெட்டி எழுந்தது. அது முடிகிற வரை அதில் ஒரு பாட்டுகூடப் போடவில்லை.

"ரெக்கேன்னா இன்னா இன்னான்னு சொல்லி எனக்கு வாய் வலிக்குது நைனா. இத்த ஒரு நாள் ஜனத்துக்கு முன்னால வச்சிப் போட்டுட்டேன்னு வையி, அப்பறம் நான் பேசவே வேணாம்."

அந்த ஒரு நாள் எது என்றும் அவரே முடிவு செய்தார். என் தங்கை சரசுவின் கல்யாணம். மைக் செட் அவருடைய மொய். பெட்டியின் முதல் பாட்டு சரசுவுக்கு.

மாப்பிள்ளைக்கு வடபழனி. சினிமா ஸ்டூடியோவில் செட் போடுகிற தச்சர். பின்பக்கமே இல்லாத அரண்மனைகளைக் கட்டுவது அவர் தொழில். தங்கமான மனிதர். எதுவும் கேட்கவில்லை. அவருடைய அம்மாதான் ஒன்றே ஒன்று கேட்டார். சீர்வரிசையில் ஒரு மரப் பீரோ. அந்த அம்மாளின் கல்யாணத்தில் வருகிறேன் என்ற பீரோ கடைசி வரை வரவே இல்லையாம். வாழ்க்கை முழுக்கத் துணியைக் கொடியில் போட்டே காலம் தள்ளியவர். "பீரோ வந்தாத்தான் பொண்ணு மணையில உக்காரும்" என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார்.

ராயப்பேட்டையில் ஒரு ஆசாரியிடம் பீரோவுக்குச் சொல்லியிருந்தோம். கல்யாணம் நெருங்கும்போது அவருக்கு மஞ்சள் காமாலை. பார்க்கப் போனேன். சுவரோரம் இரண்டு கதவுகள் சாய்ந்து நின்றன. மயில் செதுக்கிய அழகான கதவுகள். பீரோவில் கதவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"பாக்கறவங்க கதவத்தான தம்பி பாப்பாங்க? அதான் மொதல்ல செஞ்சேன்" என்றார், படுத்தபடியே.

சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிடுகிறேன் என்று அம்மா வடபழனிக்குப் போனாள். போன ஒவ்வொரு தடவையும் காப்பி குடித்துவிட்டு, ஊர்க்கதை கேட்டுவிட்டு, சொல்லாமலே திரும்பினாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய் கிடையாது. அப்பாவுக்கு இருந்தது. அவர் போனதோடு அதுவும் போயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், வடபழனிக் கோயிலுக்குப் பக்கத்துச் சத்திரம். சீர்ப் பாத்திரங்களைக் கூடத்தில் ஓரமாக அடுக்கியிருந்தோம். அந்த நேரம் பார்த்து நைனாவின் பெட்டி கைவண்டியில் வந்து இறங்கியது. சத்திரத்தில் பிளக் பாயிண்ட் இருந்தது ஒரே இடத்தில். சீர்ப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில். அங்கேயே பெட்டியை நிறுத்தி, மேலே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, நைனா வயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மாள் உறவுக்காரப் பெண்கள் சூழ உள்ளே வந்தார். குத்துவிளக்கைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடி ஆத்தீ! பீரோ இம்மாம் பெருசா!"

அந்த அம்மாள் போர்வையை விலக்கினார். முன்பக்கம் ஸ்பீக்கரை மூடி ஒரு கறுப்புத் துணி.

"நல்ல காரியத்துல இன்னாத்துக்கு கறுப்புத் துணி? கதவு எங்க?"

அறை வாசலில் சரசு, பாதிப் பூ வைத்த தலையோடு நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை முன்னால் வந்தார். பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். தச்சர் இல்லையா, தட்டியதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கறுப்பு துணி கண்ணு படாம இருக்கறதுக்கும்மா. கதவு பாலிஷ்ல கீது. சாயங்காலம் வந்துரும்" என்றார்.

"அம்மா, இது வந்து..." என்று நைனா வாயைத் திறந்தார். சரசுவின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். நைனா தானாக வாயை மூடி நான் பார்த்தது அப்போதுதான்.

பெட்டியைச் சத்திரத்தின் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மாப்பிள்ளை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "நைனா, ஒரு பேச்சுக்கு சொன்னேன். எனக்கு பீரோ வேணாம். நீ பாட்டப் போடு. அம்மாவ நான் சமாளிச்சிக்கறேன்."

"உங்கம்மா ஆயுசுக்கும் கேட்டது இத்த ஒண்ணுதான?"

"அப்ப உன் பெட்டி?"

"அது எங்க பூடப் போவுது? உன் வூட்டுக்குத்தான வருது" என்று சொல்லிவிட்டு நைனா ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் முன்பலகையைக் கழற்றினார். ஸ்பீக்கரைத் தூளியிலிருந்து குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, போர்வையில் சுற்றித் தரையில் வைத்தார். பிறகு என்னிடம், "இன்னா நின்னுகினு கீற? ராயப்பேட்டைக்குப் போயி கதவ எட்த்துகினு வா!" என்று கத்தினார். கைவண்டியோடு ஓடினேன்.

கதவுகள் பெட்டிக்குக் கொஞ்சம் அகலம். மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழைத்தார். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வந்து நின்றபோது அவர் தலையெல்லாம் மரத்தூள். "செட்டு வேல மாரியே கீது நைனா. ஆனா இதுக்கு பின்பக்கம் கீது" என்றார் சந்தோஷமாக.

சாயங்காலம் பீரோ கூடத்துக்கு வந்தது. சம்பந்தியம்மாள் மயில் கதவைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். முதுகில் வயர் போவதற்காகப் போட்டிருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது இன்னாத்துக்குடா?"

"காத்தோட்டம்மா. துணி பூசணம் புடிக்காது."

அவ்வளவுதான். உறவுக்காரர்கள் ஒவ்வொருவரையும் பீரோவின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் அந்த ஓட்டையைக் காட்டினார். "காத்தோட்டமான பீரோ. கம்பெனி பீரோவுலகூட இல்ல!"

பந்தி முடிந்தது. சமையற்காரரைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு நைனா ஜமைக்காத் தட்டை எடுத்தார். வேறு வழியில்லாமல் கூம்பு ஸ்பீக்கரில் போட்டார். பாவம், பாட்டு ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி வந்தது. கழுத்துக்கு மேலேதான் வந்தது. ஜனங்கள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் அவர் பேசிப் பேசிக் காத்திருந்த நாள், யார் காதிலும் விழாமல் போய்க்கொண்டிருந்தது. நைனா தட்டையே பார்த்தபடி நின்றார்.

பிறகு நேராகப் பீரோவுக்குப் போனார். அதன் பக்கவாட்டில் காதை வைத்தார். உள்ளங்கையால் தட்டினார்.

தும் என்றது. தேக்கு. உள்ளே இன்னும் ஒரு துணிகூட வைக்காத வெற்றிடம். அந்தச் சத்தம் தரை வழியாக வந்து காலில் ஏறியது. நைனா கூம்பில் வருகிற பாட்டோடு சேர்ந்து தட்ட ஆரம்பித்தார். முதல் தட்டை விட்டு, அடுத்ததைப் பிடித்து, மறுபடி விட்டு. பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. அண்டா மேல் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. குழந்தைகள் முதலில் ஆடின. கச்சேரி மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, பீரோவின் மறுபக்கம் போய், சாஸ்திரத்தோடு தட்டினார். சமையற்காரர் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசற்படியில் அசைந்தார். சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"பீரோ பாடுது டோய்!" என்று சம்பந்தியம்மாள் கை வளையலைக் குலுக்கினார். "மரம் கெட்டி!"

அம்மா தூணோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா இருந்திருந்தா" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நைனா ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுத் தட்டுகிற அந்த முதல் தட்டை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்ததும் அவர் பக்கத்தில் போனேன். உள்ளங்கை சிவந்திருந்தது. நன்றி சொல்லத்தான் போனேன். அது வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"ரெக்கேன்னா இன்னா நைனா?"

மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். "பீரோ" என்றார்.

பிறகு இன்னொரு பெட்டி செய்யச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். பலகை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். "பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சி. இந்த வயசுல இன்னொண்ணு பெத்துக்க சொல்றியா?" என்று சொல்லிவிட்டார். வடபழனிப் பக்கம் மைக் செட் வேலை வந்தால் மட்டும் கூலி பேசாமல் ஒப்புக்கொள்வார். வேலை முடிந்ததும் சரசு வீட்டுக்குப் போய்க் காப்பி குடிப்பார். "இன்னாம்மா, பொண்ணு எப்டி கீது?" என்பார். சரசுவைப் பார்த்துக் கேட்கிறார் என்று சம்பந்தியம்மாள் நினைத்துக்கொள்வார். சரசு பீரோவைத் துடைத்துக் காட்டுவாள்.

ஒரு ஐப்பசி மழையில், காய்ச்சலில் போய்விட்டார். அந்த மார்கழியில் கச்சேரி மாமாவோடு நானும் சபாவுக்குப் போனேன். மாமா தொடையில் தாளம் போட்டார். முதல் தட்டு வருகிறபோதெல்லாம் கையை மேலேயே நிறுத்திவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பி முறைத்தார். மாமா கண்ணைத் திறக்கவே இல்லை.

பீரோ இன்னும் வடபழனியில் இருக்கிறது. மயிலுக்கு மூக்கு உடைந்திருக்கிறது. உள்ளே இருக்கிற புடவைகளை நான்தான் போய் மடித்து வைப்பேன். சரசு காப்பி போட உள்ளே போனதும், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுவேன். இப்போது புடவை நிறைந்துவிட்டதால் சத்தம் அவ்வளவாக வருவதில்லை. ஆனாலும் முதல் தட்டை மட்டும் நான் தட்டுவதில்லை. அது நைனாவுக்கு.